கொல்லமா, வெல்லமா? ஒரு மடைக் கல்லும் இரண்டு ஊர்களின் வயதுப் போட்டியும்

பின்னணி

பழைய திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பகுதியில், ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறிய ஊர்கள். இரண்டும் பேரூராட்சிகள். பெயர் சொல்லாமல் மேல ஊர், கீழ ஊர் என்றே இங்கே குறிக்கிறோம். தென்மாவட்டப் பேச்சில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. வேறு அர்த்தம் கிடையாது. இந்த விளக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கீழ ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு ஊரும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. அதனால் போட்டி எல்லாம் மாமன் மச்சான் கேலிதான். மேல ஊரில் பெரிய கண்மாய். கீழ ஊரில் வாரச்சந்தை. "மேல ஊர்க்காரன் மழையில நனையிறதுக்கே கணக்குப் பார்ப்பான்" என்பது கீழ ஊர்ப் பேச்சு. "சந்தை கலைஞ்சா ஊரே கலைஞ்சிரும்" என்பது மேல ஊர் பதில். காணும் பொங்கல் கபடியில் தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்குக் கரும்புக் கட்டு கொடுக்கும். கலியாண வீட்டுப் பந்தியில் இந்தக் கதைகள் ஓடாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

சுற்றுவட்டாரத்தில் பேர் பெற்ற ஊர்கள் நிறைய. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. சாத்தூர் என்றதும் காராச்சேவு நினைவுக்கு வரும். எட்டயபுரத்தில் 1882இல் பாரதி பிறந்தார்; முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அங்கேதான். கழுகுமலைக்கு வெட்டுவான் கோயில் இருக்கிறது. சொல்லிக்கொள்ள ஒரு தின்பண்டமோ ஒரு பாட்டுக்காரரோ இல்லாத ஊருக்குப் பெருமை பேச மிஞ்சுவது வயதுதான். இந்தப் பிரச்சினையின் வேர் அதில் இருக்கிறது.

725 வந்த வழி

மேல ஊர்க் கண்மாயின் இரண்டாவது மடையை ஒட்டி ஒரு கருங்கல் நிற்கிறது. அகலம் ஒன்றேகால் அடி. தரைக்கு மேல் தெரிவது நாலடி. பதினொரு வரி எழுத்து வெளியே தெரியும். அடிப்பகுதி வண்டலில் புதைந்திருக்கிறது. இடது மேல் மூலை உடைந்துபோனது.

சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் இளைஞர் மன்றம் இந்தக் கல்லைச் சுத்தம் செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று முதல் இரண்டு வரிக்கு வெள்ளை எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். புரிந்த எழுத்துக்கு மேல் பூசினால் பரவாயில்லை என்று தோன்றலாம். புரியாத இடத்தில் தூரிகை தானாக ஓர் எழுத்தை உண்டாக்கிவிடும், பிறகு வருகிறவர் கண்ணுக்குப் பெயிண்ட்தான் தெரியும், உளி தெரியாது. இங்கே அதுவே நடந்தது.

முதல் வரியில் ௭௱௨௰௫ என்று இருக்கிறது. தமிழ் எண் தெரியாதவர் அதை "எளஉயரு" என்று எழுத்தாகவே வாசித்துவிடுவார். நல்வேளையாக மேல ஊரில் ஒரு முதியவர் இருந்தார். அவருடைய தகப்பனார் பழைய கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை. ௱ நூறு, ௰ பத்து என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுநூற்று இருபத்தைந்து என்று சரியாகவே வாசித்தார். எண்ணில் பிழை இல்லை. அது எந்த ஆண்டுக் கணக்கு என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருந்த ௵ என்ற வருடக் குறியைப் பாம்புக் கோலம் என்று விட்டுவிட்டார்கள். முன்னால் உடைந்த மூலையை ஒட்டி "லலம" என்று மூன்று எழுத்து மட்டும் தெரிந்தது. அதற்கு அர்த்தம் தெரியாததால் அதையும் விட்டார்கள். மிஞ்சியது 725. அதற்கு முன்னால் "கி.பி." தானாக ஒட்டிக்கொண்டது. ஊர் நுழைவாயில் வளைவில் "தோற்றம் கி.பி. 725" என்று சிமெண்ட் எழுத்து ஏறியது. 2025 தையில் 1300ஆம் ஆண்டு விழா என்று முடிவாகி, வீடு வீடாக விழா வரியும் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

கேலி புளித்த கட்டம்

விழாவுக்குச் சுமார் பத்து வாரம் முன்பு, ஐப்பசியில், கீழ ஊர்க் கடைக்காரர் ஒருவர் கல்லின் முன் நின்று ஒரு வீடியோ எடுத்தார். "லலம" என்பது வெல்லம். மேல ஊர் மூதாதையர் 725 மூட்டை வெல்லம் கடன் வாங்கிய பத்திரம் இது. வட்டியோடு கீழ ஊர்ச் சந்தையில் வந்து கட்டவும் என்பது அவருடைய ஆராய்ச்சி. உண்மையில் நல்ல நகைச்சுவை. மேல ஊர்க்காரர்களே அதை ஊர்க் குழுக்களில் அனுப்பிச் சிரித்தார்கள்.

பத்து நாளில் நிலைமை மாறியது. கவனித்தவர்கள் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள். முதலில், கேலி ஊரை விட்டு ஆளுக்குத் தாவியது. கர்ணத்தின் மகன் பெயர் வீடியோக்களில் வர ஆரம்பித்தது. அடுத்து, கல்லில் கொடையாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிப் படம் போட்டு, "அது எங்க ஆளுக பேருதான்" என்று இரண்டு சமூகத்தார் உரிமை கொண்டாடினார்கள். எழுத்தே தெரியாத இடத்தில் சாதி தெரிந்துவிட்டது. மூன்றாவது ஒற்றை வாக்கியம். கோபத்தில் யாரோ "மறுகாலை அடைச்சா அப்பத் தெரியும்" என்று எழுதினார். மேல ஊர்க் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்வது கீழ ஊர்க் குளத்துக்கு. மழைக்காலத்தில் அந்தப் பேச்சு கேலியில் சேராது.

இதற்கிடையில் கீழ ஊரைச் சேர்ந்த முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் வீடியோவில் எழுத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கவனித்தார். பாண்டிய நாட்டில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்றால் வட்டெழுத்தில், அதாவது வளைந்த வடிவுள்ள பழைய எழுத்து முறையில், இருக்கும். பக்கத்துக் கழுகுமலையில் இருப்பவை அப்படித்தான் இருக்கின்றன. சோழர் ஆட்சி வந்த பிறகே இந்தப் பக்கம் தமிழ் எழுத்து வட்டெழுத்தின் இடத்தைப் பிடித்தது. இந்தக் கல்லிலோ சாதாரணத் தமிழ் எழுத்து. ஆக, 725 என்பது கி.பி. ஆக இருக்க வழியில்லை.

அவர் அதைக் குழுவில் போட்டிருந்தால் அன்றைக்கே வெற்றி கீழ ஊருக்கு. போடவில்லை. மேல ஊரில் வாக்கப்பட்டிருந்த தன் அத்தைக்குப் போன் செய்தார்.

"அத்தே, மாமாகிட்ட மட்டும் சொல்லுங்க. ஃபிளெக்ஸ் அடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை கல்லைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்க."

மாமா விழாக் குழுவில் பொருளாளர். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக நல்லது இந்தப் போன்தான்.

முடிவுகளும் காரணங்களும்

விழாக் குழு முதலில் 200 சதுர அடி ஃபிளெக்ஸ் ஆர்டரை நிறுத்தி வைத்தது. அச்சாகிவிட்டால் செலவழித்த காசுக்காகவே தவறை ஆதரிக்க வேண்டிவரும். வளைவில் கை வைக்க வேண்டாம், உடைத்தால் ஊர் தோற்றதாக ஆகிவிடும், வாசிப்பு முடியட்டும் என்றும் தீர்மானித்தார்கள்.

கல்லைப் படிக்க ஊருக்கு மூன்று பேர் வீதம் ஆறு பேர். கூடவே வெளியூரிலிருந்து மைப்படி (கல்மேல் தாள் ஒட்டி மையால் எடுக்கும் எழுத்துப் படி) எடுத்துப் பழகிய ஒருவர். பக்கத்து ஊர்க்காரர் பிழை கண்டுபிடித்தார் என்ற பேச்சு வராமல், இரண்டு ஊரும் சேர்ந்து படித்தது என்று ஆக வேண்டும் என்பதே நோக்கம். அதோடு, கீழ ஊரும் தன் பெருமைகளில் ஒன்றைச் சோதனைக்கு வைக்க வேண்டும் என்று மேல ஊர் கேட்டது. நியாயமான கேள்வி. "200 வருஷச் சந்தை" என்பதைக் கீழ ஊர் வைத்தது.

கேலிக்கும் ஓர் எல்லை போட்டார்கள். சந்தை, கபடி, பேருந்து, சாப்பாடு, பேச்சுவழக்கு: எதை வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம். சமூகம், கோயில் முதல் மரியாதை, கண்மாய்த் தண்ணீர்: மூன்றும் கூடாது. கொடையாளி பெயர் உறுதியாகும்வரை எந்த அறிக்கையிலும் ஊகமாகக்கூட வரக் கூடாது. எழுதிக் கையெழுத்து போடவில்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தத்தம் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டார்கள். எழுத்தைவிட அது நன்றாக எடுபட்டது. பெரியப்பா குரலுக்கு எதிர்ப்பேச்சு எழுதத் தயக்கம் வரும்.

அனுமதி விஷயத்தில் ஒரு குறிப்பு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறை வசம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இந்தக் கண்மாய் முதல் வகை. எனவே உதவிப் பொறியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்தார்கள். கல் பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லை என்பதையும் முன்பே பார்த்துக்கொண்டார்கள்; அப்படி இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் மைப்படி எடுக்க முடியாது. 1887 முதல் வரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் அந்த வட்டத்தின் ஊர்ப் பட்டியலையும் தேடினார்கள். இந்தக் கல் பதிவாகவில்லை.

மைப்படி: கெட்டதும் சரியானதும்

கண்மாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நல்ல மழை பெய்தால் கல்லின் கீழ் வரிகள் மூழ்கும்; பிறகு பங்குனி வரை காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் முதல் முயற்சி பாழானது.

காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். கல் சூடாகிவிட்டது. நனைத்து ஒட்டிய மேப்லித்தோ தாளின் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டது, நடுவிலோ ஈரம் சொட்டியது. கரைக் காற்று ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததில் ஆறாவது வரிக்குக் குறுக்கே கிழிந்தது. மை தண்ணீராக இருந்ததால் எழுத்துப் பள்ளத்துக்குள் வழிந்து, வெள்ளையாக நிற்க வேண்டிய எழுத்தெல்லாம் சாம்பல் நிறமாகக் கலங்கியது. இரண்டு தாள் வீண்.

இரண்டாம் முயற்சி மறுநாள் காலை ஆறரைக்கு. நடந்தது இதுதான்.

கல்லைத் தண்ணீர் விட்டுத் தென்னை நார்த் தூரிகையால் மட்டும் தேய்த்தார்கள். கம்பித் தூரிகை, சோப்பு, அமிலம் எதுவும் இல்லை. பாசியை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்தார்கள். ஆணியோ திருப்புளியோ கொண்டு கிளறினால் புதிதாக ஒரு கோடு விழும், அது நாளைக்கு ஒரு எழுத்தாகிவிடும். காற்று வரும் திசையில் இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்து, நடுவில் ஒட்டி, அங்கிருந்து ஓரத்துக்கு நீவி உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார்கள். ஒரு தாள் போதவில்லை. இரண்டாவதை இரண்டு அங்குலம் மேலேறும்படி சேர்த்தார்கள்.

அடுத்து அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டுவது. தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். தாள் ஒவ்வொரு எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும்வரை தட்ட வேண்டும். கிழிந்த இடத்தில் அதே தாளின் நனைந்த துண்டை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு காத்திருத்தல். பளபளப்பு அடங்கி, தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அன்றைக்கு அதற்கு அரை மணி நேரம் ஆனது. இந்த அரை மணியைப் பொறுக்க முடியாமல்தான் பெரும்பாலான மைப்படிகள் கெடுகின்றன.

மை, விளக்குக்கரியும் பசையும் சேர்த்து முதல் நாள் இரவே கரைத்து வைத்தது. மையொற்றும் துணிப்பந்தை மையில் நேராக முக்காமல், ஒரு தட்டில் மையைத் தடவி அதில் ஒற்றி, பழைய செய்தித்தாளில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகே தாளில் வைத்தார்கள். லேசாக மூன்று சுற்று. கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பியது. கரையில் நின்ற ஆடு மேய்க்கும் பெரியவர், "கல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கீகளோ?" என்று கேட்டார். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. மூன்று படி எடுத்தார்கள்: ஊருக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பின்பக்கமும் இடம், நாள், கல்லின் முகம் எந்தத் திசை என்பதைப் பென்சிலால் குறித்தார்கள்.

எனாமல் பூசிய எழுத்துகள் மட்டும் சரியாக விழவில்லை. பெயிண்ட் பள்ளத்தை நிரப்பிவிட்டதால் தாள் இறங்க இடமில்லை. ஒருவர் தின்னர் கொண்டுவந்தார்; வேண்டாம் என்று தடுத்தார்கள். கரைந்த பெயிண்ட் கல்லின் துளைக்குள் போய் நிரந்தரக் கறையாகும். பதிலாக இரவில் வந்து, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒளி விழச் செய்து படம் எடுத்தார்கள். சாய்ந்த ஒளியில் பெயிண்டுக்கு அடியில் உளி வெட்டின் விளிம்பு நிழலாகத் தெரிந்தது.

ஆறு தாள், ஒரு தேதி

வாசிப்புக்கு ஒரு கட்டுப்பாடு: யாரும் வாயைத் திறந்து படிக்கக் கூடாது. ஆறு பேரும் தனித்தனியாக, தெரிந்ததை மட்டும் தாளில் எழுத வேண்டும். சந்தேக எழுத்துக்குச் சதுர அடைப்பு. அழிந்த எழுத்துக்குப் புள்ளி. ஒருவர் உரக்கப் படித்துவிட்டால் மற்ற ஐந்து பேர் கண்ணும் அதையே பார்க்கும்.

சாய்ந்த ஒளிப் படத்தில் உடைந்த மூலையோரம் கொம்பும் காலும் கொண்ட ஓர் எழுத்தின் எச்சம் இருந்தது. நான்கு பேர் "[கொ]லலம" என்று எழுதியிருந்தார்கள். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஆக அது கொல்லம்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது. திருநெல்வேலிப் பக்கம் பழைய பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் இது சாதாரணமாகப் புழங்கியது. இங்கே ஆவணியில் ஆண்டு பிறக்கும். எனவே ஆவணி முதல் மார்கழி வரையான தேதிக்கு 824 கூட்ட வேண்டும். தை முதல் ஆடி வரை 825.

இரண்டு இடத்தில் கருத்து வேறுபாடு வந்தது. ஒருவர் ௭ என்பதை ௯ என்று எழுதியிருந்தார், அப்படியானால் 925. இன்னொன்று மாதம்: ௴ என்ற மாதக் குறிக்கு முன் நின்றதை மூன்று பேர் "தை" என்றும், இரண்டு பேர் "வை" என்றும் படித்தார்கள். வைகாசியைச் சுருக்கி எழுதியிருக்கலாமே என்பது வாதம். ஒருவர் புள்ளி வைத்து விட்டுவிட்டார்.

இரண்டையும் தீர்த்தது அடுத்திருந்த வருடப் பெயர். "சவுமிய ௵" என்பதில் ஆறு தாளும் ஒத்திருந்தன. கொல்லம் 925 என்றால் 1749–50. அது சுக்கில வருடம், சௌமிய அல்ல. கொல்லம் 725 என்றால் 1549 ஆவணி முதல் 1550 ஆடி வரை. அதில் பங்குனி முடியச் சௌமிய வருடம். சித்திரை பிறந்தால் "சாதாரண" என்ற பெயருள்ள அடுத்த வருடம். வைகாசியாக இருந்தால் கல்லில் "சாதாரண" என்று இருக்க வேண்டும். சௌமிய என்று இருப்பதால் மாதம் தைதான். அறுபது ஆண்டுச் சுழற்சி ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தருவதால் தனியாகப் பயன்படாது. கொல்லத்தோடு சேர்ந்தால் சாவிக்கொத்து.

கொல்லம் 725, சௌமிய, தை: கி.பி. 1550இன் தொடக்கம். மேல ஊரின் வயது ஒரே இரவில் 825 ஆண்டு குறைந்தது.

மீதி வரிகள் மடையும், உபரி நீர் வழியும் கலிங்கும் கட்டிவைத்த தர்மத்தைச் சொல்கின்றன. அரசர் பெயர் தெரிந்த பகுதியில் இல்லை. கொடையாளி பெயர் வரும் ஏழாம் வரியில் நான்கு எழுத்து முழுக்கச் சிதைந்திருக்கிறது. ஆறு தாளிலும் அங்கே புள்ளிகளே. அந்த நான்கு புள்ளி ஊரில் நிறைய சத்தத்தை அடக்கியது.

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது என்கிறார்கள். பிறகு கர்ணத்தின் மகன், "கண்மாய்க்குத்தான தேதி போட்டிருக்கான், ஊருக்கா போட்டிருக்கான்? ஊர் இல்லாம யாருக்குய்யா கண்மாய் வெட்டினான்?" என்றார். அது சமாளிப்பு இல்லை, சரியான வரலாற்றுக் கேள்வி. கல்லின் தேதி அந்த மடைக்கு உரியது. ஊர் அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். எவ்வளவு முந்தி என்பதைக் கல் சொல்லாது.

சந்தையின் முறை

கீழ ஊரின் 200 ஆண்டுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் எல்லோரும் "பாட்டன் சொன்னது" என்றார்கள். கிடைத்த பழைய காகிதம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நிலவரித்திட்டப் பதிவேடு. அதன் குறிப்புக் கலத்தில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே "சந்தைப்பேட்டை" என்று இருந்தது. ஆகவே நூறாண்டுக்கு மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். இருநூறு என்று சொல்ல முடியாது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. அந்தப் புல எண் இருந்தது மேல ஊர் வருவாய்க் கிராமக் கணக்கில். பேரூராட்சி எல்லை வேறு, வருவாய்க் கிராம எல்லை வேறு. இரண்டும் பல ஊர்களில் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. சந்தை கூடும் நிலம் ஒரு ஊர்க் கணக்கிலும், தண்டல் ஏலம் விடும் உரிமை அடுத்த ஊரிலும் இருந்திருக்கிறது. அன்றாடம் அந்தச் சந்தையில் காய் வாங்கும் யாருக்கும் இது தெரியாது. நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டின் இப்போதைய நகலை இணையத்தில் எடுத்துப் பார்த்ததும் அதையே சொன்னது.

கீழ ஊர்த் தரப்பின் பதில் ஒரு வரி: "இடம் உங்களுது, வசூல் எங்களுது. சம்மந்தின்னா இப்படித்தான் இருக்கணும்."

தையில் நடந்தது

வளைவில் "கி.பி." என்ற எழுத்துகளை மட்டும் கொத்தி எடுத்து "கொல்லம்" என்று பதித்தார்கள். 725 இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொத்தனாருக்கு அரைநாள் வேலை. 1550 தையிலிருந்து 2025 தை வரை கணக்குப் பார்த்தால் சரியாக 475. "மடைக்கு வயது 475" என்று ஃபிளெக்ஸ் அடித்தார்கள். வீடு வீடாக வரி பிரிக்கப் போன இளைஞர்கள் 1300 ஏன் 475 ஆனது என்பதை ஒரு சிறு துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பணம் திருப்பிக் கேட்டவர்கள் மூன்று வீடு, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மைப்படி, ஆறு வாசிப்புத் தாள்கள், சந்தைப் பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் பள்ளிக்கூட வராந்தாவில் பார்வைக்கு வைத்தார்கள். தவறாகப் படித்த தாள்களையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் கூட்டம் கூடியது அங்கேதான்: ௯ என்று எழுதியவர் எங்கே தடுமாறினார் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டிமன்றத்துக்கு நடுவர் மூன்றாவது ஊரிலிருந்து வந்தார். தலைப்பு, ஊருக்கு அழகு மடையா சந்தையா. அவர் மடைக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டு, கீழ ஊர் வழியாகப் போகாமல் சுற்றுப் பாதையில் திரும்பினார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைக்காரர் வெல்லம் 725 மூட்டை கொண்டுவர முடியாததால் ஒரு மண்டை வெல்லத்தைத் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணத்தின் மகன் அதை வாங்கிக்கொண்டு, "மிச்சம் 724 மூட்டையும் சில்லறையும்" என்றார்.

கபடியில் கீழ ஊர் ஜெயித்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மைப்படியை ஐப்பசிக்குத் தள்ளியது தவறு. கண்மாய்க் கல்லைப் பார்க்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி: தண்ணீர் இறங்கியிருக்கும், அடிவரிகள் வெளியே வரும், அவசரம் இருக்காது. எனாமலை எடுக்கத் தொல்லியல் துறையிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று ஒரு சிறு பலகை வைத்திருக்கலாம், அதை மறந்தார்கள். தை மாதத்தில் யாரோ கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசியிருந்தார்கள். இனி அந்தக் கல் கும்பிடு கல்லாகிவிட்டால் எண்ணெய் ஏறி எழுத்து மூடிப்போகும். ஊர்ப் பெண்களிடம் பேசி, பூ மட்டும் வைப்பது, எண்ணெய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதி பலித்திருக்கிறது.

குரல் பதிவு முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். மறுகால் என்ற சொல் வெளியே வரும்வரை பெரியவர்கள் பொறுத்திருந்தது, பிள்ளைகள் விளையாட்டுதானே என்ற அசட்டையால்.

இன்னொரு விஷயத்தில் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பிழையை முதலில் கண்ட மாணவியின் பங்கை மேடையில் சொல்ல வேண்டும் என்று சிலர், வேண்டாம் என்று அவரே. அவர் கேட்டபடி விட்டுவிட்டார்கள். ஆனால் வாசிப்புக் குழுவின் ஆறு பேரில் ஒரு பெண்கூட இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வெளியே நின்றார். அடுத்த வாசிப்புக்கு அவரைக் கட்டாயம் சேர்ப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வைகாசியில் அடிவரிகள்

தண்ணீர் வற்றிய பிறகு, நீர்வளத் துறை ஆட்கள் மடையில் வண்டல் எடுத்தபோது, அவர்கள் முன்னிலையில் கல்லின் அடியிலும் மண்வெட்டி படாமல் கையால் வண்டலை ஒதுக்கினார்கள். மேலும் மூன்று வரி. இம்முறை ஏழு தாள்.

கடைசி இரண்டு வரி, இதற்குக் கேடு செய்தவன் கெங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற வழக்கமான சாபம். அதற்கு மேல் வரியில் மறுகால் பற்றி ஏதோ இருக்கிறது. "மறுகால கீழ" வரை ஏழு தாளும் ஒன்று. அதற்குப் பின் கல் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. கீழ ஊர்க்காரர்கள் அது தங்கள் ஊர்ப் பெயர்தான் என்கிறார்கள். மேல ஊர்க்காரர்கள், தண்ணீர் கிழக்கே ஓடும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறான், தண்ணீர் மேற்கேயா ஓடும் என்று கேட்கிறார்கள். துறைக்குப் போன அறிக்கையில் அந்த வரி இப்படி இருக்கிறது: மறுகால கீழ . . . .